நீச்சல் குளத்தில் தோர்பென்

கவசத்தைக் கழற்ற நாற்பது நிமிடம்.
முதுகெலும்பிலிருந்து கடைசி ஊசி விடுபடும்போது
எல்லாருக்கும் தும்மல் வரும்,
ஏனென்று மருத்துவருக்கே தெரியாது.
பிறகு முட்டை.

வெறுங்கையில் ஒரு முட்டையை
ஒரு நிமிடம் உடையாமல் பிடித்திருந்தால்தான்
விடுப்புச் சீட்டு.
வுப்பர்டால், நான்காம் கவசப் பிரிவு:
வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கிடங்கில்
ஆம்லெட் வாடை.

தோர்பென் மூன்று உடைத்தான்.
நான்காவதை உள்ளங்கையில் வைத்து
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்,
பேருந்தில் தோளில் சாய்ந்து உறங்கிவிட்ட அந்நியரை
எழுப்ப மனமில்லாதவனைப் போல.
மணி அடித்ததும் கேட்டான்:
"மயூரதி, பத்தரைக்குள் போய்விடலாமா?"

தொங்கு ரயில் எங்களை ஏற்றாது.
எலும்பில் வார்த்த உலோகம் அப்படி,
ஆளுக்கு இருநூற்று எண்பது கிலோ.
ஆற்றோரமாகவே நடந்தோம்.
தலைக்கு மேல் பெட்டிகள் ஆடியபடி போயின.
கண்ணாடியில் மூக்கை நசுக்கியிருந்த ஒரு சிறுவன்
கையசைத்தான், எங்களுக்கா
நதியில் நின்ற கொக்குக்கா, தெரியவில்லை.
சாதாரண உடையில் நாங்கள்
அளவு தவறித் தைத்த தபால்காரர்கள்.

ரொட்டிக் கடையில் நின்றபடியே காப்பி.
நாற்காலிகளைத் தொடுவதில்லை,
போன மாதம் ஒன்று, அதற்கு முன் இரண்டு.
கடைக்காரி கணக்கைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

யெட்டெக்கு ஏழு வயது.
இன்று கடற்குதிரைப் பட்டைக்குத் தேர்வு.
விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும்,
இருபத்தைந்து மீட்டர் நீந்த வேண்டும்,
தோளளவு நீரின் அடியிலிருந்து
ஒரு வளையத்தை எடுத்து வர வேண்டும்.
அப்பாவும் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது
அவள் சேர்த்துக்கொண்ட நிபந்தனை.

நாங்கள் மிதப்பதில்லை.

ஈக்கள் விளையாடும் இடத்தில்
இரும்புக்கு என்ன வேலை?
ஆனாலும் பயிற்சியாளர் உல்ரீக்கெ
அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"கைகளை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்."

ஏணியை நம்பாமல் படிக்கட்டு வழியே இறங்கினான்.
நீர் உயர்ந்து வழிந்து
என் காலணிக்குள் வந்தது.
மார்பு, கழுத்து, நெற்றி,
பிறகு சில குமிழிகள்.
எங்கள் நுரையீரலுக்கு ஒன்பது நிமிடம் தாங்கும்.
தெரிந்தும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேலே யெட்டெ தவளையைப் போல உதைத்து உதைத்துப் போக
கீழே அவளுடைய நிழலுக்குள் அவன் நடந்தான்,
நிமிர்ந்த முகத்தோடு.
மார்ச்சில் இதே ஆளை
ரைனின் அடியில் இப்படிக் கண்டிருக்கிறேன்.
அப்போது கவசமும் விளக்கும் இருந்தன,
மேலே ஒரு படகின் அடிப்பாகம்.
படகில் யார் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வளையத்தை வீசினார்கள்.
அது சுழன்று சுழன்று இறங்கி
அவன் பாதத்தின் மேலேயே உட்கார்ந்தது.
அவன் அசையவில்லை.
யெட்டெ மூழ்கினாள், அவன் முகத்தைப் பார்த்தாள்,
சிரிப்பு வந்துவிட்டது,
வாய் நிறையத் தண்ணீரோடு மேலே வந்து இருமினாள்.
"மறுபடி," என்றாள் உல்ரீக்கெ.

இரண்டாம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு போனாள்.
தடவினாள்,
அப்பாவின் கட்டைவிரல்,
அப்பாவின் கணுக்கால்,
வளையம்.

துணியில் தைத்த கடற்குதிரை, ஆரஞ்சு நிறம்.
அதை அவள் தன் நீச்சலுடையில் வைக்கவில்லை,
அவனிடம் கொடுத்துவிட்டாள்.
"உனக்குத்தான் நீந்தத் தெரியாதே."

ஞாயிறு இரவு கிடங்கின் விளக்கடியில்
அதைக் கவசத்தின் உள்துணியில் தைக்க உட்கார்ந்தோம்.
விதிப்படி குற்றம்.
அவன் கையில் எட்டு ஊசி ஒடிந்தது,
என் கையில் மூன்று.
பன்னிரண்டாவதை நான் முட்டையை நினைத்துப் பிடித்தேன்.
தையல் கோணல்தான்,
குதிரைக்கு வால் கொஞ்சம் மடிந்துவிட்டது.

காலையில் தராசு.
தொழில்நுட்பர் ஃபால்கோ
எண்ணைப் பார்த்தான், தோர்பெனைப் பார்த்தான்,
கழுத்துப் பட்டையை விலக்கி உள்ளே பார்த்தான்.
"நாலு கிராம் கூடுதல்," என்றான்.
தோர்பென் மூச்சுவிடவில்லை,
ஒன்பது நிமிடம் அவனால் முடியும்.

ஃபால்கோ பேனாவை உதறி
காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்:
ஈரம்.